நூல் கட்டின் மேல் என்ன பூசுவது?

மார்ச் மாதம், கோவளம். விடியும் முன்பே போய்ப் பாரை மீனுக்காகப் பாப்பர் எனும் மிதக்கும் போலி இரையை வீசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒன்றும் படவில்லை. வெளிச்சம் வந்ததும் தூண்டில் ராடில் படிந்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தேன். கைப்பிடியிலிருந்து இரண்டாவது கைடின், அதாவது தூண்டில் நரம்பு ஓடும் வளையத்தின், பக்கத்தில் நகம் எதிலோ இடறியது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கைடை ராடோடு பிணைக்கும் நூல் கட்டின் மேலிருந்த கண்ணாடி போன்ற பூச்சில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து காப்பிக் கறை மாதிரி ஒரு பழுப்பு நூலுக்கு அடியில் பரவியிருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தேன். நைலான் நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைடின் கால்தான் அடிப்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்துப் போயிருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய தோல். அந்தத் தோல் வளரக் காற்று வேண்டும். வெடிப்பு வழியே உள்ளே போன உப்புத் தண்ணீர் காற்று புகாத இடத்தில் தேங்கி நின்றால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கத்தான் செய்யும்.

இதில் என்னை உறுத்திய விஷயம் வேறு. நான் கட்டிய ராடுகளிலேயே கனமான, பளபளப்பான பூச்சு அதற்குத்தான் போட்டிருந்தேன். கடலுக்குப் போகிற ராடு, எவ்வளவு கனமோ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். நினைத்ததற்கு நேர் எதிராக நடந்திருந்தது. ராடு வளையும்போது கைடின் இரும்புக் கால் வளையாது. கால் முடிகிற அந்த நுனியில்தான் வளைவு முழுவதும் வந்து முட்டும். அங்கே பூச்சு கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால் வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. கைடைப் பிடித்து வைத்திருப்பது நூல். பூச்சின் வேலை அந்த நூலை உராய்விலிருந்தும் தண்ணீரிலிருந்தும் காப்பது. அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு சொட்டும் ராடுக்குச் சுமை. நுனிப் பக்கத்தில் அந்தச் சுமை கையிலேயே தெரியும். ராடு தூங்கி எழுந்தவன் மாதிரி மெதுவாக நிமிரும்.

எட்டு வருஷமாக ராடு கட்டுகிறேன். பெரும்பாலும் முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவாவுக்கும் கடற்கரையில் பாரைக்கும் போகிற ராடுகள். சிலவற்றைப் புது பிளாங்கிலிருந்து, அதாவது கைடு எதுவும் கட்டாத வெறும் கோலிலிருந்து, கட்டியிருக்கிறேன். பல நண்பர்களின் உடைந்த ராடுகள், கைடு மாற்றிக் கட்டியவை. நூல் சுற்றுவதை இரண்டு வாரத்தில் கை பழகிக்கொண்டது. பூச்சுக்குத்தான் வருஷங்கள் ஆயின.

முதல் ராடுக்கு ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரண்டு டியூப் எபாக்சி பசையைத்தான் தடவினேன். அது ஒட்டுவதற்கான பசை. தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். நூலுக்குள் இறங்குவதற்குள் இறுகத் தொடங்கிவிடும். மேடு பள்ளமாக நின்று, ஒரு கோடை வெயிலில் மஞ்சளாகிவிட்டது. கைடின் காலுக்கு இருபுறமும் நூல் கூடாரம் போல எழும்பி நிற்கும் இடத்தில் சின்ன சுரங்கம் ஒன்று இருக்கும். அதற்குள் பூச்சு போய் நிரம்பவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அங்கே குடியிருக்கும். கெட்டிப் பசை அதன் வாயை மட்டும் அடைத்துவிட்டு உள்ளே காற்றை விட்டுவைத்திருந்தது.

அடுத்து, ராடுக்கென்றே வரும் எபாக்சி பூச்சை வரவழைத்தேன். ரெசினும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் சரிசமமாகக் கலக்கவேண்டிய வகை. முதல் தடவை இரண்டு நாள் ஆகியும் விரல் ஒட்டியது. காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "ஹார்டனர் கொஞ்சம் தாராளமா ஊத்து தம்பி, சட்டுன்னு செட் ஆயிடும்" என்றார். அவர் தொழிலில் அது சரியான பேச்சு. படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஊற்றுவது இறுகுவதைத் தூண்டிவிடும் கேட்டலிஸ்ட், நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் தாமதமாகும். எபாக்சியின் கதை அப்படியில்லை. ஹார்டனரும் ரெசினும் ஒன்றோடொன்று கைகோத்துத்தான் கெட்டியாகின்றன. ஒன்று கூடிவிட்டால் கைகோக்க ஆளில்லாமல் மிச்சம் அப்படியே நிற்கும். அவர் சொன்னபடி ஊற்றினேன். பூச்சு ரப்பர் மாதிரி ஆகி, ஒரு மாதம் கழித்தும் நகம் பதிந்தது. கைடுகள் பத்தையும் பிரித்து மறுபடி கட்டினேன். படகு வேலைக்காரர்களும் ராடு கட்டுகிறவர்களும் அவரவர் திரவத்தை ஹார்டனர் என்றே சொல்வதால் வந்த வினை.

இப்போது நான் எத்தனை சின்ன வேலையானாலும் ஒவ்வொரு திரவத்திலும் 3 மி.லி.க்குக் குறைத்துக் கலப்பதில்லை. 1 மி.லி. அளக்கும்போது 0.2 மி.லி. பிசகினால் அது 20 சதவீதப் பிசகு. 3 மி.லி.யில் அதே பிசகு ஏழு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மிச்சம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும்தான். ஆனால் பத்து கைடைப் பிரிக்கிற வேலையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. இரண்டு சிரிஞ்சுகளிலும் பெரிதாக எழுதிவைத்து, ஒன்றை மற்றதில் ஒருபோதும் முக்காமல் பார்த்துக்கொள்கிறேன். கலக்கிய கிண்ணத்தில் மிஞ்சியதைத் தேதி எழுதி மேசையில் வைத்துவிடுவேன். ராடைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் கை, மறுநாள் அந்தக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சிரிஞ்சு என்றதும் இன்னொன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண சிரிஞ்சின் ரப்பர் வழுக்கிக்கொண்டு போவதற்காகச் சிலிக்கோன் எண்ணெய் தடவியிருப்பார்கள். அதில் ஒரு துளி கலந்தால் போதும், பூச்சு நூலில் படியாமல் ஆங்காங்கே வட்டமாக விலகி ஓடும். இதற்குப் பெயரே மீன்கண். எனக்கு மூன்று ராடுகளில் இது வந்தது. சிரிஞ்சை மாற்றி ரப்பர் இல்லாத வகையை வாங்கினேன். அப்படியும் ஒரு ராடில் வந்தது. யோசித்துப் பார்த்தால், அன்று காலை தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்திருந்தேன், அந்தக் கையோடு நூல் சுற்றியிருந்தேன். இப்போது சுற்றும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, பிளாங்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். தையல் நூல்கள் சிலவற்றிலும் ஊசியில் சூடேறாமல் இருக்கச் சிலிக்கோன் பூச்சு இருக்கும். அவசரத்துக்குத் தையல் நூல் எடுப்பவர்கள், ஒரு உடைந்த ராடுத் துண்டில் இரண்டு அங்குலம் சுற்றிப் பூசிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

சென்னையில் இருந்துகொண்டு எபாக்சி பூசுகிறவர்களுக்கு டப்பாவில் அச்சடித்த நேரங்கள் பொருந்தாது. அவை 22, 24 டிகிரி அறைக்கு எழுதியவை. மே மாதம் என் அறை 34 டிகிரி. பத்து டிகிரி ஏறினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நிமிஷம் பூசலாம் என்றிருப்பது பன்னிரண்டில் முடிந்துவிடும். கிண்ணத்தில் குவிந்து கிடந்தால் இன்னும் மோசம். எபாக்சி இறுகும்போது தானே சூடாகும், அந்தச் சூடு வெளியே போக இடமில்லாமல் மேலும் சீக்கிரம் இறுகும். அதனால் கலக்கியவுடன் அலுமினியத் தாளில் தோசை மாதிரி மெல்லிசாக ஊற்றிவிடுவேன். சூடு பரவிப் போய்விடும், கலக்கும்போது சேர்ந்த குமிழிகளும் தானாக மேலே வந்து உடையும். கோடையில் பூச்சு வேலையை அதிகாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொந்தரவு. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், இறுகிக்கொண்டிருக்கும் எபாக்சியின் மேல் மெழுகு தடவியது போல ஒரு பிசுக்கு படியும். முதல் முறை பார்த்தபோது பூச்சே கெட்டுவிட்டது என்று நினைத்து, அதன் மேலேயே இரண்டாவது பூச்சைப் பூசிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே பிசுக்கு மாட்டிக்கொண்டு, சில மாதத்தில் மேல் பூச்சு செதிலாக உரிந்தது. அந்தப் பிசுக்கு தண்ணீரில் கரையும். முதல் பூச்சு நன்றாக இறுகியபிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சும் வைத்துத் துடைத்து, காயவிட்டு, லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு அடுத்ததைப் பூசினால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அடைமழை நாளில் நான் பூசுவதே இல்லை. நூல் சுற்றுவேன், கைடின் காலை அரத்தால் கூராக்குவேன், வெயில் வரட்டும் என்று வைத்துவிடுவேன்.

பூசியபின் ராடு சுழன்றுகொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் பூச்சு அடிப்பக்கம் வழிந்து தொங்கும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் மோட்டாரை எடுத்து மரச்சட்டத்தில் பொருத்தியிருக்கிறேன். நம்மூர் மின்சாரத்தில் நிமிஷத்துக்கு ஐந்து சுற்று. மெல்லிய பூச்சுக்கு அது தாராளம். ஒரு ஜூன் மாத இரவு பூசி முடித்த பத்தாவது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. மோட்டாரிலிருந்து ராடைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் கையாலேயே உருட்டிக்கொண்டிருந்தேன். முதலில் நிற்காமல் உருட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது, அரைச் சுற்று திருப்பி, எண்ணி இருபது விநாடி விட்டு, மறுபடி அரைச் சுற்று திருப்பினாலே போதும் என்று. பூச்சு கீழே இறங்கத் தொடங்கும் நேரத்தில் கீழ்ப்பக்கம் மேலே வந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு நகராமல் நின்றது. கரண்ட் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த ராடு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மோட்டார் வாங்க முடியவில்லை என்று தயங்குபவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

கோவளத்து வெடிப்புக்குப் பிறகு என் முறை மாறிவிட்டது. ராடு எபாக்சியில் தடித்த வகை, மெல்லிய வகை என இரண்டு வரும். தடித்தது ஒரே பூச்சில் வேலையை முடித்துவிடும், பார்க்கவும் அழகு. நான் இப்போது மெல்லியதையே இரண்டு முறை பூசுகிறேன். முதல் பூச்சை நூலுக்குள் ஊறவிட்டு, அந்தச் சுரங்கங்களின் ஒரு வாயில் தூரிகையை வைத்துக் காத்திருப்பேன். மறுவாயில் பூச்சு எட்டிப் பார்த்தால்தான் அடுத்த கைடுக்குப் போவேன். மேலே மிஞ்சியதை உலர்ந்த தூரிகையால் எடுத்துவிடுவேன். குமிழி இருந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடரைக் கீழே சட்டென்று ஒரு தடவை காட்டி எடுத்தால் உடைந்துவிடும். மறுநாள் இரண்டாவது பூச்சு, நூலின் வரிகள் விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மட்டும். நூலின் நிறம் மாறாமல் இருக்க முதலில் பூசும் கலர் பிரிசர்வரைக் கடல் ராடுகளுக்கு நான் விட்டுவிட்டேன். அது நூலை அடைத்துவிடுவதால் எபாக்சி உள்ளே இறங்க முடியாது, மேலே மட்டும் உட்கார்ந்திருக்கும். நிறம் வேண்டுமென்றால், பிரிசர்வர் இல்லாமலே நிறம் மாறாத நைலான் நூல் கிடைக்கிறது.

இவ்வளவும் கார்பன், ஃபைபர் ராடுகளுக்கு. மூங்கில் ராடு எனக்கு வேறு பாடம் சொல்லிக்கொடுத்தது.

குன்னூரில் ஒரு பெரியவர், தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீலகிரியின் ஓடைகளிலும் அவலாஞ்சிப் பக்கத்திலும் டிரவுட் மீன் பிடித்துப் பழகியவர். ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த பழைய ராடு ஒன்றைக் கொடுத்து, கட்டெல்லாம் இற்றுப்போய்விட்டது, புதுசாகக் கட்டித் தரவேண்டும் என்றார். இந்த வகை ராடுகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு மூங்கில்தான் மேற்கே போனது, கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். பிறகு தென்சீனாவின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெரியவரின் ராடு, கையில் வாங்கியபோது, தேன் நிறத்தில், எடையே தெரியாமல் இருந்தது.

அந்த ராடில் கட்டியிருந்த அதே பச்சைப் பட்டு நூலைத் தேடிப் பிடித்தேன். நிறம் போகக் கூடாதே என்று பிரிசர்வர் இரண்டு முறை, அதற்கு மேல் எபாக்சி. முதல் துண்டை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னலோரம் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கட்டாக விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா பளபளன்னு இருக்குதுங்க தம்பி. ஆனா இது என்ற ராடு மாதிரி இல்லீங்க" என்றார்.

"நூல் அதே பச்சைதானே ஐயா?"

உள்ளே போய், நான் வெட்டி எடுத்த பழைய கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். ஊறிப்போன தேயிலை நிறம். நூலுக்கு அடியில் மூங்கிலின் நரம்பு வரை தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது. பழைய ராடுகளில் பட்டின் மேல் நேராக வார்னிஷ்தான் பூசியிருக்கிறார்கள். வார்னிஷ் இழைக்குள் ஊறியதும் பட்டு ஏறக்குறைய ஒளி புகும் பொருளாகிவிடும், பச்சை இருண்டு மூங்கிலோடு கலந்துவிடும். நான் காப்பாற்றியது கடையிலிருந்த நூலின் நிறத்தை. ஐம்பது வருஷமாக அவர் கையில் பார்த்துக்கொண்டிருந்த நிறம் வேறு.

மறுபடி பிரித்தேன். இந்த முறை மரீன் வார்னிஷ், அதாவது ஸ்பார் வார்னிஷ். கப்பலின் பாய்மரத்துக்கென்று வந்தது அது. வெயிலில் நிற்கவேண்டும், காற்றில் மரம் வளையும்போது கூடவே வளையவேண்டும். தூண்டில் ராடுக்கும் வேண்டியது அதேதான். வீட்டுக் கதவுக்குப் பூசும் கடினமான வகையை இதற்கு எடுக்கக் கூடாது. முதல் பூச்சை டர்பன்டைன் கலந்து நீர்க்கவிட்டேன், பட்டு தாகத்தோடு குடித்துக்கொண்டது. அதன் பிறகு விரல் நுனியால் தேய்த்து ஐந்து பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் என்று போட்டிருந்தாலும் நான் இரண்டு நாள் விட்டேன். கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று வாரம் தொடவில்லை. மோட்டார் தேவைப்படவே இல்லை, அவ்வளவு மெல்லிய பூச்சு வழியாது. பொறுமை மட்டும் வேண்டும். எபாக்சி இரண்டு நாளில் முடிக்கிற வேலைக்கு இதற்கு ஒரு மாதத்துக்கு மேல்.

காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும் யூரித்தேன் பூச்சு ஒன்றும் உண்டு. கண்ணாடித் தாள் போல மெல்லிசாக, நல்ல வலுவோடு நிற்கும், நுனிக் கைடுகளுக்கு அருமை. ஆனால் நம் ஊர்க் காற்றில் நான் திறந்த பாட்டில் மூன்றாவது வாரமே ஜெல்லியாகிவிட்டது. வாங்கினால் அன்றைக்கே சின்னச் சின்ன பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி மூடிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள், அதன் ஆவி நெஞ்சுக்கு ஆகாது. எபாக்சிக்கும் நைட்ரைல் கையுறை கட்டாயம். முதல் இரண்டு வருஷம் வெறுங்கையோடு பூசினேன். இப்போது ஒரு சொட்டு பட்டாலும் மணிக்கட்டில் தடித்து அரிக்கிறது, தோல் ஒருமுறை வெறுத்துவிட்டால் திரும்ப ஏற்பதில்லை. கையில் பட்டதை ஸ்பிரிட்டால் துடைக்காமல் சோப்பால் கழுவவேண்டும்.

பழைய எபாக்சியைப் பிரிக்கும்போது ஹேர் டிரையரால் இளக்கிவிட்டு, கைடின் காலின் மேல் மட்டும் பிளேடை ஓட்டுங்கள். அடியில் இரும்பு இருப்பதால் பிளேடு அதற்கு மேல் போகாது. பிளாங்கின் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் பெரிய மீன் இழுக்கும் நாளில் ராடு சரியாக அந்த இடத்தில்தான் உடையும். பிரித்துக் கட்டுவதை இப்படி நாலைந்து முறை செய்தபிறகு, பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்: இதை மறுபடி யார் பிரிப்பார்கள், அவர் கையில் என்ன இருக்கும்? என் கடல் ராடுகளை நான்தான் பிரிப்பேன், அதனால் மெல்லிய எபாக்சி.

குன்னூர்ப் பெரியவருக்கு ராடைக் கொடுத்தபோது மிச்ச வார்னிஷையும் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்துப் போன் செய்தார். பாறையில் உரசி ஒரு கட்டில் பூச்சு போய்விட்டதாம். "நானே விரலால தேய்ச்சுட்டேனுங்க தம்பி. எங்க தேய்ச்சேன்னு இப்பக் கண்டுபிடிக்க முடியல" என்றார்.